செலவும் செலவும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



செயலாளர் அவர்கள் எமக்கு விடுத்த திருமுகத்தில், இலக்கியத்துள் யாதானும் ஒரு பொருள் பற்றிப் பேசுமாறு பணித்திருந்தனர். யாமும் அவ்வாறே இரண்டு நாள் ஏடுகளைப் புரட்டினோம். புரட்டுங்கால் 'செலவு' என்னும் ஒரு சொல் எம்மைப் பிடித்துக்கொண்டு விடுவதாயில்லை. இக்காலத்தார் செலவென்ற அளவில் கைப்பொருள் கழிவதையே கருதுவர். பண்டையோர்க்கோ செலவென்பது செல்லுதல், அஃதாவது பயணம். பொருள்வயிற் பிரியத் துணிந்த தலைவன், தலைவியின் முகம் நோக்கி மனம் இளகிப் புறப்படாது தாழ்த்தலைச் 'செலவழுங்குதல்' என்று அகப்பொருள் நூலார் கூறுவர்.

நம் இல்லங்களில் நிகழும் செலவழுங்குதல் வேறு வகையது. விடுமுறை வரும். மக்கள் 'எங்கேனும் போகலாம்' என்பர். தந்தையானவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்து 'அடுத்த ஆண்டு பார்ப்போம்' என்பான். பின்னைச் செலவுக்கு அஞ்சி முன்னைச் செலவு நின்றுபோகும். அந்த அடுத்த ஆண்டு வருவதற்குள் மக்கள் வளர்ந்துவிடுவர், முதியோர் தளர்ந்துவிடுவர். இதனைப் பற்றியே இன்று பேசப் புகுந்தோம். இலக்கியம் கேட்க வந்தோர் பொறுத்தருள்க. இடையிடையே சிறிது வரும்.

தந்தையர் கொள்ளும் அச்சம் வீணென்று யாம் சொல்லமாட்டோம். அவ்வச்சமின்றிப் புறப்பட்டு அல்லற்பட்டவர் யாமே. 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில், அண்டை வீட்டார் அனைவரும் மலைக்குச் செல்கின்றனரே என்று யாமும் மலையூர் ஒன்றுக்குக் குடும்பத்தோடு சென்றோம். வாடகை மகிழுந்து, மூன்று நாள் விடுதி, படகு, குதிரை என்று 27,000 ரூபாய் கரைந்தது. அதனுள் 20,000 எம் மனைவியாரின் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துப் பெற்றது. ஏனைய திங்களிற் கொள்ளும் வாடகையைப்போல் இருமடங்குக்கு மேல் அவ்விடுதியார் அந்தத் திங்களிற் கொண்டனர் என்பதைப் பின்னரே அறிந்தோம். மலைப்பாதையில் ஊர்திகள் வரிசையாய் நின்றமையால் முதல் நாள் முழுதும் சாலையிலேயே கழிந்தது. அச்சங்கிலியை மீட்கப் பதினான்கு திங்கள் ஆயின. அத்துணை நாளும் எம் மனைவியார் திருமண வீடுகளுக்குச் செல்வதைத் தவிர்த்து வந்தார். ஒருசொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருப்பின் எமக்குச் சிறிது ஆறுதலாயிருந்திருக்கும்.

அதன்பின் ஆறாண்டு எங்கும் செல்லவில்லை.

எம் தொழில் தனியார் பள்ளியொன்றில் தமிழ் கற்பித்தல். ஆண்டுதோறும் பள்ளி திறந்ததும் கீழ்வகுப்பு மாணாக்கர்க்கு, 'விடுமுறையை யான் கழித்த விதம்' என்று கட்டுரை எழுதத் தருதல் எம் வழக்கம். எமக்கு முன்னிருந்த புலவர் தந்தார். அவர்க்கு முன்னிருந்தவரும் தந்திருப்பர். 2023 ஆம் ஆண்டு சூனில் அவ்வாறு வந்த ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தோம். ஒரு மாணவன் மாமல்லபுரம் சென்றதாக எழுதியிருந்தான். கடலில் நீராடியதும், பாட்டி அலையைக் கண்டு அஞ்சி ஓடியதும், தங்கைக்குச் சோழி வாங்கியதும் நன்றாகவே வந்திருந்தன. மாலையில் கதிரவன் கடலுள் மூழ்கும் காட்சியைக் கண்டு களித்தோம் என்று முடித்திருந்தான். கீழ்க்கடற் கரையில் கதிரவன் எழுவானேயன்றி மூழ்குவானோ? சிவப்பு மையால் அவ்வரியைச் சுழித்துவிட்டு மதிப்பெண் இடுதற்கு ஏட்டின் மேலட்டையைத் திருப்பினோம். ஆங்கிருந்தது எம் மகன் பெயர்.

அவன் கடலைக் கண்டதில்லை. அவன் பாட்டியும் கண்டதில்லை. எம் அன்னையார் கரூரிற் பிறந்து கரூரிலேயே வாழ்க்கைப்பட்டவர். எம் தெருவார் திரண்டு இராமேசுவரம் சென்ற காலத்தில், கறியிலே தறி நிற்கக்கூடாதென்றும், எம் படிப்புக்குக் கட்டணம் கட்டவேண்டுமென்றும் வீட்டிலேயே தங்கிவிட்டவர். எம் தந்தையார் 2019 இல் கடலைக் காணாமலே மறைந்தார். அவர்க்கு இனி யாம் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. அன்னையார்க்கு அப்போது வயது அறுபத்தேழு. அன்றிரவு எம் மனைவியாரிடம் அவ்வேட்டைக் காட்டினோம். அவர் படித்துவிட்டு, "கடன் வாங்காமற் போகமுடியுமாயின் போவோம்" என்றார். அச்சொல்லையே எம் பயணத்துக்குச் சட்டமாகக் கொண்டோம்.

சூலைத் திங்கள் தொடங்கி மாதம் 500 ரூபாய் வீதம் பதின்மூன்று மாதம் தனியே சேர்த்தோம். 6,500 ரூபாய் ஆயிற்று. எவ்வூர் செல்வதென்று முதலில் முடிவு செய்து, பின் அதற்குப் பணம் தேடுவதே நம்மவர் வழக்கம். மலையூருக்குச் சென்றபோது யாமும் அதையே செய்தோம். இம்முறை பணத்தை முன்வைத்து, இதற்குள் அடங்கும் ஊர் எது என்று தேடினோம்.

விடை எம் வீட்டு வாயிலிலேயே இருந்தது. கரூரைச் சார்ந்து ஓடும் அமராவதி சிறிது தொலைவிற் காவிரியொடு கலக்கின்றது. அக்காவிரியின் போக்கிலேயே சென்றால் திருச்சிராப்பள்ளி, தஞ்சை, குடந்தை, மயிலாடுதுறை, ஈற்றிற் பூம்புகார். புகைவண்டிப் பாதையும் ஏறத்தாழ ஆற்றின் வழியே செல்கின்றது. கோவலனும் கண்ணகியும் புகாரினின்று மேற்கு நோக்கி ஆற்றங்கரை வழியே நடந்துவந்தனர். யாம் அவ்வழியை மறுதலையாகக் கொண்டோம். கண்ணகி ஈற்றிற் சேர்ந்த சேரநாட்டு வஞ்சி கரூரேயென்பாரும் கொடுங்கோளூரென்பாரும் உளர். அவ்வழக்கை ஈண்டு எழுப்பின் இரவு உணவு தாழ்த்துவிடும், விடுக.

அடுத்து ஆராய்ந்தது காலம். மே மாதத்தில் ஆறு மணலாய்க் கிடக்கும்; வெயிலோ முதியோர்க்கும் சிறார்க்கும் ஆகாது. காலாண்டுத் தேர்வு முடிந்து வரும் விடுமுறை புரட்டாசியில் அமையும். அத்திங்களில் நம்மவருட் பலரும் திருமணம் நடத்துவதில்லையாதலின் விடுதிகள் வெறுமையாய்க் கிடக்கும். கேட்டால் வாடகையுங் குறைப்பர். வடகிழக்குப் பருவமழையும் அப்போது வந்திராது. மேட்டூர் திறந்த ஆண்டாயின் ஆற்றிலே நீரோடும். 2024 ஆம் ஆண்டு மேட்டூர் அணை சூலை இறுதியில் நிரம்பியது. அவ்வாண்டுக் காலாண்டு விடுமுறையிற் புறப்பட்டோம். இரண்டு நாட்களை மட்டும் தவிர்த்தோம். புரட்டாசிச் சனிக்கிழமையில் திருவரங்கத்துட் கால் வைத்தல் அரிது. அமாவாசையன்று பூம்புகாரில் நீர்க்கடன் ஆற்றுவோர் கூட்டம் நிரம்பும்.

வாடகை மகிழுந்து வேண்டாவென்றதும் எம் மைத்துனர் நகைத்தார். முதிய தாயை வைத்துக்கொண்டு எவ்வாறு செல்வீர் என்றார். புகைவண்டியிற் சாளரத்தருகே அமர்ந்து வந்த அன்னையார் மாயனூர் முதற் குளித்தலை வரை ஆற்றையும் தோப்பையும் பார்த்துக்கொண்டே வந்தார். மகிழுந்தில் அமர்ந்திருப்பின் உறங்கியிருப்பார். சாதாரணப் பயணிகள் வண்டியில் ஐந்து வயது நிரம்பிப் பன்னிரண்டு நிரம்பாத சிறார்க்கு அரைக்கட்டணம். ஐந்துக்குட்பட்டார்க்குக் கட்டணமே இல்லை. எட்டு வயதுச் சிறுமிக்கு அரைச்சீட்டும் ஏனை நால்வர்க்கு முழுச்சீட்டுமாகக் கரூர் முதல் மயிலாடுதுறை வரை விட்டுவிட்டுச் சென்ற நான்கு வண்டிகட்கும் சேர்த்து எமக்கு ஆனது 290 ரூபாய். 2021 ஆம் ஆண்டு மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லையாதலின், அவை கிடைத்த இடமெல்லாம் எம் மனைவியாரும் அன்னையாரும் மகளும் காசின்றியே சென்றனர். மகன் தனக்கு மட்டும் ஏன் சீட்டென்று வினவினான். நடத்துநர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சென்றுவிட்டார்.

முதல்நாட் பகலுணவுக்குக் கட்டுச்சோறு கொண்டு சென்றோம். தயிர்ச்சோற்றை முதலிலும் புளிச்சோற்றைப் பின்னரும் உண்ணவேண்டுமென்பதும், பொடியும் எண்ணெயும் தடவிய இட்டலி இரவு வரை கெடாதென்பதும் இங்குள்ள தாய்மார்க்கு யாம் சொல்லவேண்டுவதன்று. ஆயினும் நான்கு நாளைக்கும் சமைத்து எடுத்துச் செல்லலாமென்று ஒருவர் கூறிய யோசனையை யாம் ஏற்கவில்லை. அடுப்பங்கரையை விட்டு நான்கு நாள் நீங்கியிருத்தலே எம் மனைவியார்க்கு விடுமுறை. அதனைச் சிக்கனத்தின் பேரால் அவரிடமிருந்து பறித்துக்கொண்டு யாம் மட்டும் விடுமுறை கொண்டாடுதல் அறமாகாது. ஆதலின் இரண்டாம் நாள் முதல் உணவு விடுதியிலேயே உண்டோம். 2,150 ரூபாய் ஆயிற்று. எம் கணக்கில் மிகப் பெரிய தொகை அதுவே. அதற்கு வருந்தவில்லை.

திருவரங்கத்தில் மட்டும் வேறு விதமாயிற்று. ஆங்கு 2012 முதல் நாள் முழுதும் அன்னதானம் நிகழ்கின்றது. அன்னையார் அங்கேயே மாலையிற் சிறிது உண்ணவேண்டுமென்றார். யாம் தயங்கினோம். ஆசிரியராயிருந்துகொண்டு பந்தியில் அமர்ந்து இலவச உணவு கொள்வதை யாரேனும் காண்பரோ என்னும் நாணம். எம் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் வங்கி அலுவலர் என்பதைப் பின்னர் அறிந்தோம். அவரும் எம்மைக் கண்டு அவ்வாறே நாணியிருந்தார் போலும்! உண்டு எழுந்து, விடுதியில் ஆகியிருக்கக்கூடிய தொகையில் ஒரு பகுதியை உண்டியலில் இட்டுவிட்டு வந்தோம்.

அன்றிரவு எம் மனைவியாரின் ஒன்றுவிட்ட தமக்கையார் இல்லத்தில் தங்கினோம். உறவினர் வீட்டில் ஓரிரவு தங்கினால் விருந்து. இரண்டாம் இரவு தங்கினால் அவ்வீட்டு மகளிர்க்கு வேலை. பழமும் இனிப்பும் வாங்கிச் சென்றது 350 ரூபாய்.

மறுநாள் தஞ்சை. பெரிய கோயில் நண்பகலில் நடை சாத்துவராதலின் காலையிலேயே சென்றோம். 1010 ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற அக்கோயிலின் 216 அடி விமானத்தை எம் மகள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள். யாமோ அடித்தளத்துக் கல்வெட்டுக்களைச் சுற்றிச் சுற்றி வந்தோம். அரசன் கொடுத்தவை, அவன் தமக்கையார் கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை என ஒவ்வொரு பொன்னணியும் எடையோடு பொறிக்கப்பட்டுள்ளது. எம் மனைவியார் தம் கைப்பையிலிருந்த கணக்கேட்டைத் தொட்டுக்காட்டி, "பாருங்கள், சக்கரவர்த்தியே கணக்கெழுதியிருக்கிறார், நீங்கள் தேநீர்க்கடைக் கணக்கைச் சொல்ல மறுக்கிறீர்" என்றார். பதினைந்து ரூபாயை ஒப்புக்கொண்டோம்.

ஆளுக்கு அறுபது ரூபாய் என்று தனியே ஒரு பணம் புறப்படும்போதே பங்கிட்டுக் கொடுத்திருந்தோம். அதனை அவரவர் விரும்பியவாறு செலவிடலாம். ஏனென்று எவரும் கேட்கலாகாது. சிறுமி ஒரு தலையாட்டிப் பொம்மையை விரும்பினாள். அஃது அறுபதுக்குள் அடங்கவில்லை. பாட்டி தம் பங்கிலிருந்து முப்பது கொடுத்து, எஞ்சியதற்குக் குடந்தையிற் கொழுந்து வெற்றிலை வாங்கிக்கொண்டார். இச்சிறு பணத்தால், வழியெல்லாம் 'அது வேண்டும், இது வேண்டும்' என்னும் அழுகை முற்றும் நின்றது. தம் பணம் என்றவுடன் சிறாரும் விலை கேட்டுத் திரும்பிவிடுகின்றனர். அதற்குமேற் சிறிது யாமும் சேர்த்தோம். ஆயினும் நூற்றிருபதைத் தாண்டவில்லை.

குடந்தையை அடுத்த தாராசுரத்தில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலை மூன்றாம் நாட் காலையிற் கண்டோம். பலரும் அதனைக் காணாமலே செல்கின்றனர். நுழைவுக்கட்டணம் இல்லை. கருவறைப் புறச்சுவரில் அறுபத்து மூவர் வரலாறுகளைச் சிறு சிறு சிற்பங்களாக வடித்துப் பெயரும் பொறித்துள்ளனர். வகுப்பறையில் ஓராண்டு சொல்லியும் மகன் மனத்திற் பதியாத பெயர்கள், அச்சுவரைச் சுற்றி வந்த ஒரு நாழிகையிற் பதிந்தன. யானையும் காளையும் ஒரே தலையாக இணைந்த சிற்பத்தைச் சிறுமி கையால் மறைத்து மறைத்துப் பார்த்து நெடுநேரம் விளையாடினாள். கங்கைகொண்ட சோழபுரமும் எம் திட்டத்தில் இருந்தது. நண்பகலில் அன்னையாரின் நடை தளர்ந்தது. புகாரினின்று ஒரு காவதம் நடந்த அளவிலேயே கண்ணகி களைத்து, மதுரை எங்குளதென்று வினவினாளென்பர் இளங்கோவடிகள். அறுபத்தெட்டு வயது மூதாட்டி களைத்தல் குற்றமோ? அவ்வூரை விட்டுவிட்டோம். விடுதி அறையில் அனைவரும் பகலெல்லாம் உறங்கினோம். கணக்கில் வாராத பேரின்பம் அது.

விடுதியென்றதும் ஒன்று சொல்லவேண்டும். இரண்டாம் நாள் மாலை, வழியில் ஓரூரில் நம் மரபினர் நடத்தும் சத்திரம் ஒன்றுண்டென்று முன்பே கேட்டு ஆங்குச் சென்றோம். ஊர்ப்பெயரைச் சொல்லமாட்டோம். கதவு பூட்டியிருந்தது. காவலர் வந்து, "கலியாணத்துக்கு மொத்தமாக எடுத்தால் மட்டுமே திறப்போம், அறை கொடுப்பதில்லை" என்றார். அன்னையார் திண்ணையில் அமர்ந்து நீர் கேட்டார். அதை மட்டும் அவர் அன்போடு கொடுத்தார். மண்டபத்து வாயிலில் நன்கொடையாளர் பெயர் பொறித்த சலவைக்கல்லில், எம் பாட்டனார் பெயரும் ஏழாவது வரியில் இருந்தது. யாதும் பேசாமற் புறப்பட்டு, ஓரிரவுக்கு 850 ரூபாய் வாடகையில் விடுதி ஒன்றைத் தேடிக்கொண்டோம். மறுநாளிரவு மயிலாடுதுறையிலும் அதே வாடகை.

நான்காம் நாள் விடியலில் முதற் பேருந்திற் பூம்புகார் சென்றோம். கதிரவன் எழுவதைக் காணலாமென்று விரைந்தும், யாம் சேர்வதற்குள் அவன் கடலுக்குமேல் ஒரு முழம் ஏறிவிட்டான். எம் மகன் அவனையும் கடலையும் மாறி மாறி நோக்கினான். சிறிது நேரம் கழித்து எம் பக்கம் வந்து, "அப்பா, அந்த ஏட்டிலே ஒரு வரியை அடித்துவிடவேண்டும்" என்றான். அடிக்கலாமென்றோம். வேறொன்றும் அவனும் சொல்லவில்லை, யாமும் கேட்கவில்லை.

1973 இல் எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தின் எழுநிலை மாடத்தை வெளியினின்றே கண்டுவிட்டுக் காவிரி கடலிற் சேரும் இடத்துக்கு நடந்தோம். திருச்சிராப்பள்ளியில் அகன்று கிடந்த ஆறு ஈண்டு ஒரு சிறு வாய்க்காலாய் வந்து சேர்கின்றது. பெருநீர் மேலேயே கொள்ளிடத்தும், கிளையாறுகளிலும் வாய்க்கால்களிலும் பிரிந்துவிடுகின்றது. எமக்கு ஏமாற்றமாயிருந்தது. அன்னையார், "வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே வந்தாள் அல்லவா, இளைத்துத்தான் போவாள்" என்றார். பின்பு சேலையைச் சிறிது தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்காலளவு நீரில் நின்றார். மகன் கட்டுரையில் எழுதியவாறு அவர் அஞ்சி ஓடவில்லை. அவன்தான் அலை வருந்தோறும் பின்வாங்கினான். அன்னையார் குனிந்து ஒரு கை நீர் அள்ளி நாவிலிட்டு, "உண்மையிலேயே உப்புத்தான்" என்றார். அறுபத்தெட்டு ஆண்டு பிறர் சொல்லக் கேட்டு நம்பியிருந்தவர். யாம் சிறிது தொலைவு சென்று நின்றுகொண்டோம்.

அக்கடலில் அலை வலிது; சிறாரை நீராட விடலாகாதென்பதையும் செல்வோர் நினைவிற் கொள்க.

பிற்பகல் மயிலாடுதுறையிற் புறப்பட்டுக் கரூர் வழியாகக் கோயம்புத்தூர் செல்லும் ஜன் சதாப்தி வண்டியில் முன்பதிவு செய்திருந்தோம். எல்லா நாளும் அவ்வண்டி இல்லை, பார்த்துக்கொள்ளவேண்டும். 2024 நவம்பர் முதல் அறுபது நாளைக்கு முன்னரே முன்பதிவு செய்ய இயலுமென்று விதி மாறியுள்ளது. முன்பு அது நூற்றிருபது நாளாயிருந்தது. களைத்துத் திரும்பும்போது இருக்கைக்காகத் தள்ளுமுள்ளுப் படாதிருக்க 580 ரூபாய் கொடுத்தது தகும். வீட்டுக்கு வந்து எம் மனைவியார் கூட்டிப் பார்க்க, மொத்தம் 6,140 ரூபாய். மிஞ்சிய 360 அடுத்த உண்டியலின் முதற் பணமாயிற்று.

பரிசில் பெற்று மீளும் கலைஞன், பெறாதவனை வழியிற் கண்டு, யாம் சென்ற வழி இது, நீயும் செல்க என்று ஆற்றுப்படுத்தும் முறையிற் பண்டைப் புலவர் பல நூல் செய்தனர். பொருநராற்றுப்படை கொண்டாடும் கரிகாலனும் இக்காவிரி நாட்டு மன்னனே. எம் பேச்சும் அவ்வகையதே. பாடும் திறந்தான் இல்லை.

இச்சங்கத்தாரிடம் எம் வேண்டுகோள் ஒன்றுண்டு. அதற்காகவே எம் வீட்டுக் கணக்கையெல்லாம் அவையில் விரித்தோம். நம் மண்டபங்கள் திருமணமில்லாத நாளிற் பூட்டிக்கிடக்கின்றன. புரட்டாசியிலும் ஆடியிலும் மார்கழியிலும் அவற்றில் விளக்கேற்றுவாரில்லை. சரபோசி மன்னர் காலத்திலும் அதற்கு முன்னும் இந்நாட்டில் வழிநெடுகச் சத்திரங்கள் எழுந்தன. திருச்சிராப்பள்ளியில் ஒரு பேருந்து நிலையமே இன்றும் சத்திரத்தின் பெயரால் வழங்குகின்றது. நம் மண்டபம் ஒவ்வொன்றிலும் இரண்டு அறையும் ஒரு கழிப்பறையும் குடும்பத்தோடு வரும் வழிப்போக்கர்க்கு என ஒதுக்கி, துப்புரவுக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் தொகையை மட்டும் பெறலாம். எவ்வூரில், யாரைக் கேட்கவேண்டும் என்னும் பட்டியல் நம் இதழில் ஆண்டுக்கு ஒருமுறை வரட்டும். வருவோர் நம்மவர்தாமா என்று வினவவும் வேண்டா. திண்ணையில் அமர்ந்து நீர் கேட்ட எம் அன்னையாரை அக்காவலர் வினவவில்லை. இவ்வாண்டுக் குழுவார் இதனைத் தீர்மானமாக எடுத்துக்கொள்வரேல், கரூர் மண்டபத்து அறைகட்குரிய பாய் தலையணைக்கு எம் பங்காக அந்த 360 ரூபாயை இப்பொழுதே செயலாளரிடம் கொடுக்கின்றோம். உண்டியலை எம் மனைவியார் மீண்டும் தொடங்கிக்கொள்வதாக இசைந்துள்ளார்.

வண்டி புறப்படும் நேரமும் பேருந்து நிற்கும் இடமும் எம் ஏட்டில் எழுதி வைத்துள்ளோம். வேண்டுவோர் ஞாயிறு காலையில் இல்லத்துக்கு வந்து பெயர்த்தெழுதிக்கொள்ளலாம். எழுதுகோல் தாமே கொணர்க.